கிணற்றடிப் பன்னிரண்டு சென்ட்

நூம்பல்
20-6-71

அன்புத் தம்பி ராஜசேகரனுக்கு அக்கா நாகவல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமாவும் வசந்தாவும் சுகமா இருக்கோம். அந்த இரும்பாலைச் சூட்டுல உன் உடம்பு எப்படி இருக்குன்னு எழுது.

நீ பிலாய்க்கு ரயிலேறி ஒம்பது மாசம் ஆச்சு. போன வெள்ளிக்கிழமை உன் மகளுக்கு நாலு வயசு முடிஞ்சுது. மஞ்சள் பாவாடை தைச்சுப் போட்டேன். தாயில்லாப் பிள்ளையை அத்தைக்காரி சரியா பாக்கலைன்னு ஊர் ஒரு சொல் சொல்லிடக் கூடாது. அதனால அவளுக்கு மட்டும் தனியா அரிசிச் சோறு, ரசம். காலையில பூந்தமல்லியிலேருந்து பன்னு. படுக்கும்போது நீ அனுப்பின மால்ட்டு டப்பாவுல ரெண்டு கரண்டி. நானும் மாமாவும் கேழ்வரகுக் களியும் கீரையும் தின்னுக்கறோம். குழந்தை வயித்துக்கு அதெல்லாம் ஆகாது.

இப்பல்லாம் சாயங்காலம் ஆனா அவ தெருவுக்கு ஓடறதே இல்லை. மாமா அம்பத்தூர் எஸ்டேட்டுல வேலை முடிஞ்சு வந்து கூப்பிட்டாக்கூட என் மடியை விட்டு இறங்கறதில்லை. அவ்வளவு பாசம்.

கிணத்தடி நிலத்தைப் பத்திக் கேட்டிருந்தே. அப்பா நம்ம ரெண்டு பேருக்கும் விட்டுட்டுப் போன பன்னிரண்டு சென்ட்டும் முள்ளு மண்டிக் கெடக்கு. என்ன செய்யலாம்னு நீயே சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
நாகவல்லி


பிலாய்
8-7-71

அன்புள்ள அக்காவுக்கு ராஜசேகரன் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். மாமாவின் இருமல் விட்டதா?

நிலத்துக்கு ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. ஏரிக்கரையில் காளவாய் போட்டிருக்கும் பால்ராஜ் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நம் நிலத்துக் களிமண் செங்கல்லுக்கு ஏற்றதாம். பொங்கலுக்குப் பிறகு மூன்றடி ஆழம் மண்ணை வெட்டி எடுத்துக்கொண்டு பதிலுக்குப் பத்தாயிரம் செங்கல் தருகிறாராம். நம் குடிசையைப் பிரித்துவிட்டு ஓடு போட்ட வீடு கட்டிவிடலாம். இதைவிட எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை, அக்கா. நீயும் சம்மதித்துக் கையெழுத்துப் போடு.

வசந்தா இப்போது ஆறு மணி பஸ்ஸைப் பார்க்கக்கூட ரோட்டுக்கு ஓடுவதில்லையா? அடுத்த கடிதத்தில் அவள் கையால் ஏதாவது கிறுக்கி அனுப்பச் சொல்.

அன்புடன்
ராஜசேகரன்


நூம்பல்
2-8-71

தம்பிக்கு அக்கா எழுதறது. எல்லாரும் இருக்கோம். உன் சுகத்துக்கு எழுது.

பால்ராஜுக்கு இப்ப எதுவும் சொல்லாதே. அந்த நிலத்துல முள்ளை வெட்டிட்டு நாலு பாத்தி கீரை போட்டிருக்கேன். கிணத்தடியில தெருவே குளிச்சுத் துவைக்குது. அந்தத் தண்ணி வீணா ரோட்டுல ஓடிச்சு. மாமா ரெண்டு ஞாயித்துக்கிழமை மண்ணை வெட்டி வாய்க்கால் இழுத்து நிலத்துக்குத் திருப்பி விட்டாரு. ஓரத்துல முருங்கைக் கிளை ஒடிச்சு நட்டிருக்கேன். எதிர் வீட்டு ஷம்ஷாத் கோழி எருவும் ஆட்டுப் புழுக்கையும் கூடை கூடையா கொண்டாந்து கொட்டறா.

நடுவுல ரெண்டு தடவை பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். முட்டி வலி.

வசந்தா கையை வெச்சு பென்சில்ல கோடு இழுத்திருக்கேன், கீழே பார். அது அவ கை.

உன் அக்கா
நாகவல்லி


பிலாய்
19-8-71

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உனக்கு முட்டி வலி என்று இதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லையே. இப்போது எப்படி இருக்கிறது?

வசந்தாவின் கையைப் பார்த்தேன். விரல்கள் இவ்வளவு மெலிசா? அல்லது பென்சில் சரியாகப் போகவில்லையா?

அக்கா, கீரை எந்தச் சந்தையிலும் கிடைக்கும். செங்கல் அப்படிக் கிடைக்காது. பால்ராஜ் அனுப்பிய பேப்பரில் என் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன். நீயும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. தயவுசெய்து பிடிவாதம் பிடிக்காதே.

ராஜசேகரன்


நூம்பல்
12-9-71

தம்பிக்கு. சுகம். பால்ராஜ் ஆள் அனுப்பினாரு. வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் இந்தக் கார்டுல எழுத முடியாது, தபால்காரர்லேருந்து எல்லாரும் படிப்பாங்க. கோவிச்சுக்காதே.

நாகவல்லி


பிலாய்
1-10-71

அக்காவுக்கு.

உன் கார்டை நாலு முறை படித்தேன். கோபமாகத்தான் இருந்தது. பிறகு பெட்டியிலிருந்து உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆடி மாதத்திலிருந்து வசந்தா சிரித்தாள், ஓடினாள், சண்டை போட்டாள் என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை. கையை வரைந்து அனுப்பியிருக்கிறாய், அவ்வளவுதான்.

நிலம் கிடக்கட்டும். என் பொண்ணுக்கு என்ன ஆச்சு? மறைக்காமல் எழுது.

ராஜசேகரன்


நூம்பல்
5-12-71

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது. வசந்தா உயிரோட இருக்கா. பேசறா. அதை முதல்ல தெரிஞ்சுக்கோ. இந்தக் கடுதாசியை ரெண்டு மாசத்துல ஏழு தடவை எழுதிக் கிழிச்சேன். இது எட்டாவது. இதைக் கிழிக்க மாட்டேன்.

ஜூலை முதல் வாரம். சாயங்காலம் விளக்கு ஏத்தலை. வசந்தா தண்ணி கேட்டா, தம்ளரை முன்னால வெச்சேன். ஷம்ஷாத் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. "இன்னாக்கா இது? தம்ளரு கண்ணு முன்னால கீது, கொயந்தை தரையைத் தடவிக்கினு கீதே"ன்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவ என் மடியை விட்டு இறங்காதது பாசம் இல்லைடா தம்பி. பொழுது சாஞ்சா அவளுக்குக் கண்ணு தெரியலை. விழுந்துடுவோம்னு பயம்.

மறுநாள் பூந்தமல்லிக்குத் தூக்கிட்டு ஓடினேன். முட்டி வலின்னு உனக்கு எழுதினது பொய். டாக்டர் கண்ணு ரெப்பையைத் தூக்கிப் பார்த்துட்டு, "மாலைக்கண். என்னம்மா சாப்பாடு குடுக்கறே?"ன்னார். நான் பெருமையா சொன்னேன். சோறு, ரசம், பன்னு, டப்பாப் பவுடர். "கீரை?"ன்னார். "அதையெல்லாம் எம்புள்ளைக்குக் குடுக்கறதில்லை சார், நாங்கதான் தின்னுக்குவோம்"ன்னேன். அவர் பேனாவை மூடி வெச்சுட்டு, "நீங்க தின்னதை அவளுக்குக் குடுத்திருந்தா இங்க வந்திருக்க வேணாம்"ன்னார். வேற எதுவும் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வாயில ஒரு எண்ணெய் மருந்து ஊத்தினாங்க. பத்து நாள்ல பார்வை தேறிச்சு. ஆனா சாப்பாட்டை மாத்தலைன்னா மறுபடி வரும், அப்ப கருவிழியே போயிடும்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. அந்த ஆஸ்பத்திரி நர்சம்மா தாயம்மா நம்ம தெருவுக்கே வந்தாங்க. பொழுது சாயற நேரத்துல தரையில அஞ்சு சோழியைப் போட்டு ஒவ்வொரு குழந்தையையும் பொறுக்கச் சொன்னாங்க. முப்பத்துநாலு குழந்தையில பதினோரு குழந்தை தடவிச்சு. பதினோரு பேர், ராஜசேகரா! எல்லாம் நல்லா வளர்த்த குழந்தைங்க. "கீரை குடுத்தா பேதி புடுங்கும்மா" அப்படின்னுதான் ஒவ்வொரு தாயும் சொன்னா. நானும் அப்படித்தானே சொன்னேன்.

அதுக்குத்தான் அந்த நிலம். எல்லா வீட்டுக்கும் தினம் ஒரு கட்டு கீரை. நர்சம்மா சொன்னபடி நல்லா வேக வெச்சு, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கடைஞ்சு, வசந்தாவுக்கு எல்லார் முன்னாலயும் ஊட்டினேன். பேதி ஆகலைன்னதும் மத்தவங்களும் குடுக்க ஆரம்பிச்சாங்க.

ஐப்பசி மழையில பன்னிரண்டு சென்ட்டும் முழுகிடுச்சு. மூணு நாள் தண்ணி நின்னு எல்லாம் அழுகிப்போச்சு. அதே வாரம் வசந்தாவுக்கு மணல்வாரி அம்மை. அம்மை இறங்கினதும் பார்த்தா இடது கண்ணு ஓரத்துல சோப்பு நுரை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. மறுபடி டாக்டர், மறுபடி மருந்து. அன்னிக்குத்தான் நினைச்சேன், போதும், பால்ராஜே வந்து வெட்டிட்டுப் போகட்டும்னு. ஷம்ஷாத்தான் கேக்கலை. "மயைதான் பாத்தியை மூய்கடிச்சிச்சி, நீ ஏங்கா மூய்கிப்போற? மேடு கட்டிப் போடலாம் வா"ன்னு மம்பட்டியை எடுத்துக்கிட்டு முன்னால நடந்தா. இப்ப எட்டு மேட்டுப்பாத்தி கட்டியிருக்கோம். விதை கொஞ்சம்தான் மிச்சம்.

அந்தத் திட்டு இன்னும் முழுசா போகலை. உன் குழந்தையை நீ என்னை நம்பி விட்டே. நான்தான் இப்படிப் பண்ணினேன். நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கறேன்.

நாகவல்லி


பிலாய்
29-12-71

அன்புள்ள அக்காவுக்கு உன் தம்பி ராஜசேகரன் எழுதுவது. பாகிஸ்தான் சண்டை நேரத்துத் தாமதத்தில் உன் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. நான் சுகம். நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு இப்போது முக்கியம்.

நீ மட்டுமா செய்தாய்? டப்பா அனுப்பியது யார்? பிலாய் கடையில் அந்த டப்பா மேல் இருந்த கொழுகொழு குழந்தையின் படத்தைப் பார்த்து வாங்கினேன். வசந்தா எப்படி இருக்கிறாள் என்று வந்து பார்க்காமல் டப்பாவை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நீ உள்ளதைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்கிறேன். செங்கல், செங்கல் என்று நான் ஏன் துடித்தேன் தெரியுமா? வசந்தாவின் அம்மா இரண்டாவது பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது கூரை ஒழுகியது. நான் அவள் தலைமாட்டில் ஓட்டைக்குக் கீழே அண்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் போனாள், குழந்தையும் போனது. ஓட்டு வீடாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று இரண்டு வருஷமாக மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

வீடு வேண்டாம், அக்கா. நிலத்தை வைத்துக்கொள். பால்ராஜுக்கு ஒப்பந்தம் ரத்து என்று இன்றே எழுதிப் போட்டுவிட்டேன்.

கவருக்குள் பொட்டலம் இருக்கிறது பார். இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிழவிகள் விற்கும் சிவப்புக்கீரை விதை. லால் பாஜி என்கிறார்கள். சோற்றில் பிசைந்தால் சோறே ரோஜா நிறமாகிவிடும். இந்த ஊர்க் குழந்தைகள் தட்டை நக்கிச் சாப்பிடுகிறார்கள். போட்டுப் பார்.

அன்புடன்
ராஜசேகரன்


நூம்பல்
20-2-72

என் அருமைத் தம்பிக்கு அக்கா எழுதறது. எல்லாரும் சுகம்! இந்தத் தடவை மனசாரச் சுகம்னு எழுதறேன்.

உன் விதை முளைச்சு முப்பது நாள்ல அறுப்புக்கு வந்துடுச்சு. எட்டுப் பாத்தியில மூணு பாத்தி செக்கச் செவேல்னு நிக்குது. பச்சைக்கீரைன்னா வாயை மூடிக்கற பசங்க, சோறு சிவந்ததும் தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்குதுங்க. ஷம்ஷாத் மகன் ஷவுகத் அலி நாக்கை நீட்டித் தெருவெல்லாம் காட்டிக்கிட்டுத் திரியறான்.

அடுத்தது கேளு. போன வாரம் காலையில பால்ராஜ் பத்து ஆளோட மம்பட்டி, கடப்பாரை எல்லாம் எடுத்துக்கிட்டு நிலத்துல வந்து நின்னாரு. நான் பாத்தியில களை எடுத்துக்கிட்டு இருந்தேன்.

"உன் தம்பி கையெய்த்துப் போட்ட பேப்பர் எங்கிட்ட கீது. அப்பால வேணாம்னு எய்தினா நான் உட்ருவேனா? நவுரு"ன்னாரு.

நான் எழுந்து நின்னேன். "பாதி நிலம் என்னுது. எந்தப் பாதி தம்பியுதுன்னு கோடு போட்டுக் காட்டிட்டு வெட்டு"ன்னேன்.

அவரு மொறைச்சாரு. அதுக்குள்ள ஷம்ஷாத்தும் தெருப் பொம்பளைங்களும் வந்து பாத்தி ஓரமா நின்னுட்டாங்க. பால்ராஜ் ஆளுங்களைப் பார்த்து, "இன்னாடா நிக்கறீங்க, வெட்டுங்கடா"ன்னாரு. ஒருத்தரும் அசையலை. முன்னால நின்ன துலுக்கானம்னு ஒரு ஆளு, மம்பட்டியைக் கீழே போட்டான்.

"மொதலாளி, என் பொண்ணு பொயுது சாஞ்சா செவுத்துல முட்டிக்கினு இருந்திச்சி. ரெண்டு மாசமா இந்தக்கா குடுக்கற கீரையைத் துன்னுதான் கண்ணு முயிச்சிகினு ஓடியாடுது. நான் வெட்ட மாட்டேன்."

"கூலி கெடையாது, தெரியுமில்ல?"

"வாணாம் போ."

தம்பி, ஒவ்வொண்ணா பத்து மம்பட்டியும் கீழே விழுந்துச்சு. காளவாய் குடிசைங்களுக்கும் ஷம்ஷாத் தினம் ஒரு கூடை கீரை கொண்டுபோய்க் குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. எனக்கே அவ சொன்னதில்லை.

பால்ராஜ் கோவத்துல கத்துவாருன்னு நினைச்சேன். கீழே குனிஞ்சு பார்த்துட்டு, "இது இன்னா கீரை, செவப்பா?"ன்னாரு. ஒரு கட்டு அறுத்துக் கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. மறுநாள் அவரோட சம்சாரமே வந்து ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போச்சு!

வசந்தா கண்ணுல இருந்த திட்டு போயிடுச்சு. நர்சம்மா போன செவ்வாய்க்கிழமை மறுபடி சோழி போட்டுப் பார்த்தாங்க. பதினோரு பேர்ல மூணு பேர்தான் இன்னும் தடவறாங்க. வசந்தா அஞ்சையும் பொறுக்கிட்டு, ஆறாவது எங்கேன்னு கேட்டா.

நீ எப்போ வர்றே?

உன் அக்கா
நாகவல்லி


பிலாய்
10-3-72

அக்காவுக்கு வணக்கம். சுகம். உன் கடிதத்தை என் குவார்ட்டர்ஸ் லைனில் இருக்கும் எல்லாத் தமிழர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பத்து மம்பட்டியும் விழுந்த இடத்தில் எல்லாரும் விசில் அடித்தார்கள். மே மாதம் இருபது நாள் லீவு கிடைத்துவிட்டது. ஷம்ஷாத் அக்காவுக்கு என் சலாம். துலுக்கானத்தை நான் பார்க்க வேண்டும்.

ராஜசேகரன்


பிலாய்
4-6-72

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் ராஜசேகரன் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த முருங்கைக்கீரை அடை நாக்பூர் வரைக்கும் வந்தது.

நேரில் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஆறே முக்கால் இருக்கும். வெளிச்சம் போய்விட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமாவும் குழந்தையும் நிற்கிறார்கள் என்று எனக்கு நிழலாகத்தான் தெரிந்தது. மாமாவுக்கு என்னைத் தெரியவில்லை. யாரோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது அந்த மங்கலில், அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு குரல்:

"மாமா, அதோ அப்பா! மீசையைக் காணோம்!"

அக்கா, ஒன்றே முக்கால் வருஷமாகப் பார்க்காத அப்பன். புறப்படும் முன்தான் மீசையை எடுத்தேன், உங்களுக்குக்கூட எழுதவில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். நான் பெட்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். ஏரிக்கரைப் பாதையில் அவள்தான் முன்னால் நடந்தாள். "கல்லு இருக்கு, பாத்து வா. இங்க வாய்க்கால், தாண்டு" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அழுததையும் பார்த்துவிட்டாள். "ஏம்ப்பா மூக்கை உறிஞ்சறே?" என்று கேட்டாள். ஜலதோஷம் என்றேன்.

மாமாவும் நானும் மாற்றிப் போட்ட கூரை முதல் மழைக்குத் தாங்குகிறதா? எழுது. இங்கே என் குவார்ட்டர்ஸ் பின்புறம் ஒரு பாத்தி கொத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

உன் தம்பி
ராஜசேகரன்


நூம்பல்
27-8-72

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது. மாமா, வசந்தா, ஷம்ஷாத் வீடு எல்லாரும் சுகம். உன் பாத்தி எப்படி இருக்கு? கூரை தாங்குது. நாலு மழைக்கு ஒரு சொட்டு உள்ளே இறங்கலை.

நேத்து சோழி போட்டுப் பார்த்தாங்க. முப்பத்துநாலு குழந்தையும் பொறுக்கிடுச்சு. காளவாய்க் குழந்தைங்க ஒம்பதும் சேர்த்து நாப்பத்துமூணு. ஒண்ணுகூடத் தடவலை! நர்சம்மா நோட்டுல எழுதிட்டு, என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க.

அவங்கதான் என்னை மாட்டி விட்டாங்க. போன வாரம் திருமழிசையில தாய்மாருங்க கூட்டம், நீங்க வந்து பேசணும்னாங்க. அறுபது பொம்பளைங்க. நான் எங்கே கூட்டத்துல பேசியிருக்கேன்? என்ன பேசறதுன்னு தெரியாம, உனக்கு எட்டாவது தடவை எழுதின கடுதாசியில இருந்ததை அப்படியே சொன்னேன். "குழந்தைக்கு நல்லதுன்னு நினைச்சு நான்தான் அதைப் பட்டினி போட்டேன். வயிறு நிறைஞ்சிருந்துச்சு, கண்ணு பட்டினி கெடந்துச்சு"ன்னேன். ஒளிச்சு ஒளிச்சு வெச்சிருந்ததை அத்தனை பேர் முன்னால சொன்னதும் நெஞ்சு லேசாயிடுச்சு.

முடிச்சதும் யாரும் கை தட்டலை. அப்ப பின்னால இடுப்புல குழந்தையோட நின்ன ஒருத்தி கேட்டா: "எங்க தெருவுல பம்ப்பு தண்ணி வீணாத்தான் ஓடுது. பக்கத்துலயே நிலமும் கீது. எப்பக்கா வர்ற?"

அவ உக்காரறதுக்குள்ள இன்னொருத்தி எழுந்தா. அப்புறம் இன்னொருத்தி. அஞ்சு தெரு, தம்பி!

இன்னிக்குக் காலையில நானும் ஷம்ஷாத்தும் பொன்னாங்கண்ணித் தண்டும் முருங்கைக் கிளையும் மூட்டை கட்டிக்கிட்டுத் திருமழிசைக்குப் போனோம். கண்டக்டர், "இன்னாம்மா, காட்டையே ஏத்தறீங்களா?"ன்னாரு. முதல் பாத்தியில முதல் மம்பட்டி மண்ணை என்னைத்தான் வெட்டச் சொன்னாங்க. வெட்டினேன். மத்ததையெல்லாம் அவங்களே வெட்டினாங்க. நாங்க பஸ் ஏறும்போது மூணு பாத்தி முடிஞ்சிருந்துச்சு.

உடம்பைப் பாத்துக்கோ. ஞாயித்துக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சுக் குளி.

என்றும் உன் அக்கா
நாகவல்லி